லாம்போ டெயில்கேட்: பிராட் பீரில் எப்போது இறங்க வேண்டும், கரி எப்போது அணைய வேண்டும்?

#1 வடகரைவாசி

டிசம்பர் கடைசி, ஞாயிறு மதியம் 12 மணி ஆட்டம். விஸ்கான்சின் மாநிலம், கிரீன் பே நகரத்து லாம்போ ஃபீல்ட் மைதானம். அமெரிக்கக் கால்பந்து, ஊர் அணி பேக்கர்ஸ், எதிரணி சிகாகோ பேர்ஸ். 12 பேர் போகிறோம்: அசைவம் சாப்பிடும் பெரியவர்கள் 8, சைவம் 2, குழந்தைகள் 2. மைதானத்து வாகன நிறுத்தத்தில் ஒரே ஒரு சீட்டு கையில் இருக்கிறது.

ஆட்டத்துக்கு முன்னால் காரின் பின்கதவைத் திறந்து வைத்து, அடுப்பு மூட்டி, சமைத்துச் சாப்பிடும் டெயில்கேட்டை அந்த ஊர்க்காரர்கள் செய்கிற மாதிரியே செய்ய ஆசை. பிராட் எனப்படும் பிராட்வர்ஸ்ட்டை, அதாவது ஜெர்மானிய வகைத் தொத்திறைச்சியை, முதலில் பீரில் வேகவைத்துவிட்டுச் சுடுவதா, சுட்ட பிறகு பீரில் போடுவதா? கரியா, கேஸா? எத்தனை மணிக்குத் தொடங்குவது? சைவக்காரர்களுக்கு என்ன? குளிர் மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

#2 கரித்துண்டு

முதலில் நேரக் கணக்கு. மற்றதெல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

வாகன நிறுத்தம் ஆட்டத்துக்கு 4 மணி நேரம் முன்னால் திறக்கும். 12 மணி ஆட்டத்துக்குக் காலை 8. நீங்கள் 11:15க்கு வாசலை நோக்கி நடக்க வேண்டும், ஏனென்றால் குளிர்காலத்தில் கனத்த உடுப்புகளோடு சோதனை வரிசை மெதுவாகத்தான் நகரும். அதற்கு முன்னால் பாத்திரம் ஏறக்கட்ட, கரியை அப்புறப்படுத்த அரை மணி நேரம். ஆக, கடைசி பிராட் 10:40க்குக் கிரில்லை விட்டு இறங்கியாக வேண்டும். உங்கள் கையில் இருப்பது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு.

8:10க்குக் கரி பற்றவைத்தால், கோடையில் 15 முதல் 20 நிமிடத்தில் சாம்பல் பூத்துவிடும். மைனஸ் 10இல், காற்றும் இருந்தால், 25 நிமிடம் பிடிக்கும். 8:40க்கு முதல் அடுக்கு ஏறும். 22 அங்குல வட்டக் கிரில்லில், ஒரு பாதி கரி, மறு பாதி வெறுமை என்று பிரித்தால் ஒரு நேரத்தில் 10 முதல் 12 பிராட் வசதியாக வேகும். ஓர் அடுக்குக்கு 25 நிமிடம் என்பது குளிரில் 35 ஆகும். இரண்டு அடுக்கு முடிய ஏறக்குறைய 10 மணி. அதற்கு மேல் இருப்பது நிதானமாகச் சாப்பிடவும் அக்கம்பக்கத்துக் கார்க்காரர்களோடு பேசவும்.

இன்னொன்று. மைதான வாசலில் இருக்கும் பெரிய கடிகாரம் வேண்டுமென்றே 15 நிமிடம் முன்னதாக வைக்கப்பட்டிருக்கிறது. சொன்ன நேரத்துக்குக் கால் மணி முன்னால் வந்தால்தான் சரியான நேரத்துக்கு வந்ததாக அர்த்தம் என்று பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டி வைத்திருந்த ஒழுங்கின் நினைவாக அது. அதைப் பார்த்துப் பதறிப் பாதி வெந்ததை எடுத்துவிட வேண்டாம். கைபேசி நேரத்தை நம்புங்கள்.

#3 ஷிபாய்கன்முறை

பீர் கேள்விக்கு வருகிறேன். சுட்ட பிறகு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

கிரீன் பேக்குத் தெற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஷிபாய்கன்தான் இந்தப் பண்டத்துக்குத் தாய்வீடு. 1953 முதல் பிராட்டுக்கென்றே விழா எடுக்கும் ஊர். அங்கே பச்சை பிராட் நேராகக் கரி மேல் போகும். முதலிலேயே பீரில் கொதிக்க வைத்தால் நடப்பது இதுதான்: கொழுப்பும் உப்பும் மசாலாவும் பீரில் இறங்கிவிடும், நீங்கள் சுடுவது சாறு இழந்த சக்கையை. தோலும் கொதிநீரில் சுருங்கி, கிரில்லில் ஏறியதும் சட்டென்று வெடிக்கும்.

செய்முறை. உறைந்த பிராட் என்றால் முந்தின நாள் காலையே உறைபெட்டியிலிருந்து குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள், முழு 24 மணி நேரம். நடுவில் பனிக்கட்டியோடு கிரில்லில் ஏறினால் வெளியே கருகும், உள்ளே சிவப்பாகவே இருக்கும். கரி இல்லாத பாதியில் முதலில் அடுக்கி, மூடி போட்டு 15 நிமிடம், நடுவில் ஒரு தடவை திருப்பி விடுங்கள். பிறகு கரி இருக்கும் பக்கத்துக்கு நகர்த்தி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கால் சுற்றுத் திருப்பிக்கொண்டே நிறம் ஏற்றுங்கள். இடுக்கிதான் பயன்படுத்த வேண்டும். முள்கரண்டியால் குத்தினால் கொழுப்பு ஒழுகும், ஒழுகிய கொழுப்பு தீப்பிடிக்கும், பிராட் புகைக்கரி நாற்றம் அடிக்கும்.

பன்றி பிராட்டுக்கு உள்வெப்பம் 71 டிகிரி, கோழி பிராட்டுக்கு 74. வெப்பமானியைப் பக்கவாட்டில் குத்தாமல் முனை வழியாக நீளவாக்கில் செலுத்துங்கள், சாறு குறைவாகப் போகும்.

இப்போது பீர். ஆழமான அலுமினியத் தட்டில் 355 மில்லி கேன் இரண்டு, பெரிய வெங்காயம் இரண்டு வளையமாக நறுக்கியது, வெண்ணெய் ஒரு குச்சி, அதாவது 113 கிராம். கிரில்லின் கரி இல்லாத பக்கத்திலோ தனி அடுப்பிலோ சூடாக வையுங்கள், கொதிக்க விட வேண்டாம். சுட்ட பிராட் அதில் போய் 60 டிகிரிக்கு மேல் காத்திருக்கும். தாமதமாக வருபவருக்கும் சூடாகக் கிடைக்கும், வெங்காயமும் தனிச்சுவையாக வெந்திருக்கும். லாகர் அல்லது பில்ஸ்னர் வகை பீர் மட்டும். ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏ வற்ற வற்றக் கசப்பு கூடி வெங்காயத்தைக் கெடுத்துவிடும்.

#4 மில்வாக்கிரயில்

ஷிபாய்கன் அன்பருக்கு மரியாதையுடன் ஒரு மறுப்பு. மாநிலத்தில் பாதிப் பேர் முதலில்தான் பீரில் போடுகிறார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 12 பேர், ஒரே கிரில், மைனஸ் 10, பழக்கமில்லாத கை. இந்த நிலையில் நடுப்பகுதி வேகாத பிராட்தான் பெரிய ஆபத்து. முன்னால் வேகவைத்தால் கிரில்லில் 8 நிமிடம் போதும், கொழுப்புத் தீயும் குறைவு.

பலர் கெடுப்பது கொதிநிலையில்தான். குமிழி பொங்கக் கொதிக்க வைத்தால் நீங்கள் சொல்லும் சக்கை உறுதி. தட்டின் ஓரத்தில் மெல்லிய குமிழி எட்டிப் பார்க்கும் சூட்டில் 12 முதல் 15 நிமிடம் வைத்தால் தோலும் கிழியாது, சாறும் அவ்வளவாக இறங்காது.

#5 ஷிபாய்கன்முறை

அந்தச் சூட்டை வீட்டு அடுப்பில் பிடித்துவிடலாம். வாகன நிறுத்தத்தில், காற்றில் தீ ஏறி இறங்கும் அடுப்பில், அது நிற்காது. ஒன்று பொங்கும், இல்லை ஆறும்.

இதைப் படித்துவிட்டு வீட்டிலேயே பாதி வேகவைத்து எடுத்துப்போகலாம் என்று யாராவது நினைத்தால் வேண்டாம். பாதி வெந்த இறைச்சியை ஆறவைத்து, பிறகு மீதியை வேகவைப்பது கிருமிக்கு வளரும் நேரத்தைக் கொடுப்பதாகும். வீட்டில் வேகவைப்பதென்றால் முழுதாக 71 டிகிரி வரை வேகவைத்து, உடனே குளிரவைத்து, அங்கே மறுபடி நன்றாகச் சூடாக்குங்கள். சுவை ஒரு படி குறையும், ஆபத்து இல்லை.

#6 கரித்துண்டு

இருவர் சொல்வதிலும் ஒரு பொதுப்புள்ளி இருக்கிறது: நடுவில் வேகாமல் போவதுதான் பயம். அதற்கு மருந்து ஒரு பாதியில் மட்டும் கரியும், மூடியும், வெப்பமானியும். வடகரைவாசி, முன்வேகவைப்பு உங்களுக்குத் தேவையில்லை.

எண்ணிக்கை: பெரியவருக்கு இரண்டு, குழந்தைக்கு ஒன்று, மொத்தம் 18. பக்கத்துக் காருக்கு நீட்ட இரண்டு சேர்த்து 20. ஜான்சன்வில் பொட்டலத்தில் ஐந்து இருக்கும், நான்கு பொட்டலம் சரியாகப் போகும். கரி: சிம்னி ஸ்டார்ட்டர், அதாவது கரி பற்றவைக்கும் உலோகக் குழாய், ஒருமுறை நிறைய, ஏறக்குறைய 100 கட்டி, 2 கிலோவுக்குச் சற்று மேல். குளிரில் அது முக்கால் மணியில் சோர்ந்துவிடும். அதனால் முதல் அடுக்கு பாதியில் இருக்கும்போதே, 8:55 வாக்கில், அரைச் சிம்னி இரண்டாவதாகப் பற்றவைத்து இரண்டாம் அடுக்குக்கு முன் கொட்டுங்கள். 7 கிலோ மூட்டை ஒன்று வாங்கினால் மீதியும் இருக்கும்.

சிம்னியைத் தார்த்தரையில் நேரடியாக வைக்காதீர்கள். கிரில்லின் கீழ்க்கம்பி மேல் வைத்துப் பற்றவையுங்கள். அடியில் செய்தித்தாள் இரண்டு தாள் போதும். அதிகம் திணித்தால் காற்று போகாமல் புகைதான் வரும். திரவப் பற்றவைப்பான் தெளித்த கரியில் சாம்பல் முழுதாகப் பூக்கும் முன் இறைச்சி வைத்தால் மண்ணெண்ணெய் வாடை ஒட்டிக்கொள்ளும்.

#7 பனிக்காற்று

கேஸ் பற்றி யாரும் சொல்லவில்லை. நம் வீடுகளில் மேசைமேல் வைக்கும் பியூட்டேன் அடுப்பு, நீள டின் செருகுவது, பரவலாக இருக்கிறது. அதைக் கொண்டுபோகவே வேண்டாம். பியூட்டேன் கொதிநிலை 0 டிகிரியை ஒட்டியது. மைனஸ் 10இல் டின்னுக்குள் திரவமாகவே படுத்திருக்கும், வாயுவாகாது, பற்றாது. டின்னைத் தீயில் காட்டிச் சூடாக்க முயல்வது வெடிப்புக்கு வழி.

புரொப்பேன் மைனஸ் 42 வரை வாயுவாகும், ஆனால் குளிரக் குளிர அழுத்தம் குறையும். பச்சை நிறத்தில் வரும் 450 கிராம் சின்ன உருளை, வாயு வெளியேற வெளியேறத் தானே குளிர்ந்து, பனி பூத்து, தீ சோர்ந்துபோகும். 9 கிலோ பெரிய உருளையில் இந்தச் சிக்கல் மிகக் குறைவு. பீர்த் தட்டுக்கும் சூப்புக்கும் பெரிய உருளையோடு ஓர் ஒற்றை அடுப்பு, பிராட்டுக்குக் கரி. இந்தக் கூட்டணிதான் அந்த ஊர் வாகன நிறுத்தத்தில் அதிகம் கண்ணில் படும்.

குளிர் என்றால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் அளவுகோல்: 1967 டிசம்பர் 31 அன்று இதே மைதானத்தில் டாலஸ் கௌபாய்ஸுடன் நடந்த ஐஸ் பவுல் ஆட்டத்தில் மைனஸ் 25. நடுவர்களின் விசில் உறைந்தது, ஆடுகளத்துக்கு அடியில் இருந்த சூடேற்றும் கம்பிகளும் கைகொடுக்கவில்லை. 21-17 என்று பேக்கர்ஸ் ஜெயித்தது. 2008 ஜனவரியில் நியூயார்க் ஜயண்ட்ஸ் வந்தபோது மைனஸ் 18. உங்கள் மைனஸ் 10 அந்த ஊருக்குச் சாதாரண டிசம்பர்.

இன்னொரு முக்கியமான விஷயம். காற்று பொறுக்காமல் நான்கு பக்கமும் துணி இழுத்துவிட்ட கூடாரத்துக்குள் கிரில்லை நகர்த்துவார்கள். கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், வாசனையே இருக்காது. தலைவலி, மயக்கம், அதற்கு மேலும் போகும். கூடாரம் காற்றடிக்கும் ஒரு பக்கம் மட்டும் மூடியிருக்கட்டும், கிரில் எப்போதும் அதற்கு வெளியே.

#8 வடகரைவாசி

பியூட்டேன் அடுப்பைத்தான் எடுத்துவைத்திருந்தேன். மாற்றிவிடுகிறேன். எங்களில் மூன்று பேர் பீர் தொடமாட்டார்கள், சமையலிலும் கூடாது. இரண்டு பேர் பன்றி சாப்பிடமாட்டார்கள். சைவம் இரண்டு பேர், முட்டையும் கிடையாது.

#9 தயிர்க்கட்டி

பீருக்குப் பதில்: கோழி வேகவைத்த தண்ணீர் 600 மில்லி, ஆப்பிள் சைடர் வினிகர் 2 மேசைக்கரண்டி, பழுப்புச் சர்க்கரை 1 தேக்கரண்டி, அதே வெங்காயம், அதே வெண்ணெய். பீர் கொடுக்கும் புளிப்பும் லேசான இனிப்பும் இதில் கிடைத்துவிடும். தனித்தட்டு, தனி இடுக்கி.

பன்றி வேண்டாதவர்களுக்குக் கோழி பிராட் கிடைக்கிறது. ஆனால் பொட்டலத்தின் பின்பக்கம் படியுங்கள். உள்ளே கோழி, மேல்தோல் பன்றிக் குடல் என்பது சகஜம். கொலாஜன் தோல் என்று இருந்தால் அது எந்த விலங்கிலிருந்து என்றும் பாருங்கள்.

சைவத்துக்கு விஸ்கான்சினை விட நல்ல இடம் எது? சீஸ் கர்ட் வாங்குங்கள், செடார் பாலாடை கட்டி அழுத்தப்படும் முன் எடுக்கும் துண்டுகள். அன்று காலை செய்ததைக் கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும். பால் புரதம் கால்சியத்தோடு பின்னிய வலை இறுக்கமாக இருக்கும்வரைதான் அந்தச் சத்தம். ஓரிரு நாளில் அமிலம் அந்தப் பின்னலைத் தளர்த்திவிடும். குளிர்பெட்டியில் வைத்து சத்தம் போய்விட்டால் மைக்ரோவேவில் 5 முதல் 10 வினாடி காட்டினால் கொஞ்சம் திரும்பும். 12 பேருக்கு ஒரு கிலோ தாராளம்.

பொரித்த கர்ட் ருசிதான், அதை மைதானத்துக்குள் கடையில் வாங்கிச் சாப்பிடுங்கள். 190 டிகிரி எண்ணெய் வேண்டும். குளிர்காற்றில் எண்ணெய் 160க்கு இறங்கிய நொடியே மாவு இறுகும் முன் சீஸ் உருகி ஓடிவிடும். கூட்டத்துக்கு நடுவே சூடான எண்ணெய்ச் சட்டி வைப்பதும் சரியில்லை.

கிரில்லுக்கு ஏற்றது ஜூஸ்டோ எனப்படும் ரொட்டிச் சீஸ். பின்லாந்து வழி வந்தது, விஸ்கான்சின் ஆலைகளில் செய்கிறார்கள். சுட்டால் உருகி ஓடாது, மேலே பொன்னிறமாகும், உள்ளே இளகும். ஒன்றரை சென்டிமீட்டர் துண்டாக வெட்டி, எண்ணெய் தடவாமல், பக்கத்துக்கு இரண்டு நிமிடம். கிடைக்காவிட்டால் நம் பனீரும் இதே வேலை செய்யும், அதுவும் உருகாது. சீஸ் உறையவைக்கும் ரென்னெட் சில சமயம் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்தது. நுண்ணுயிர் அல்லது தாவர ரென்னெட் என்று எழுதியிருப்பதை எடுங்கள். பனீரில் அந்தக் கேள்வியே பெரும்பாலும் எழாது, எலுமிச்சையோ வினிகரோதான்.

சைவத்துக்கு ஒரு சின்னக் கிரில் தனியாக இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் முதலில் சைவம் சுட்டுவிடுங்கள், கம்பி சுத்தமாக இருக்கும்போதே.

#10 துடுப்புக்காரர்

பூயா இல்லாத கிரீன் பே டெயில்கேட்டா? யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்.

1850களில் வடகிழக்கு விஸ்கான்சினில் குடியேறிய பெல்ஜிய வல்லோன் மக்களோடு சேர்த்துப் பேசப்படும் கெட்டிச் சூப்பு இது. தேவாலயத் திருவிழாக்களில் 200 லிட்டர் அளவு இரும்புக் கொப்பரையில், விறகுத்தீயில், படகுத்துடுப்பு போன்ற மரக்கட்டையால் இரவெல்லாம் கிளறிச் செய்வார்கள். பக்கத்துக் கிராமத்து அளவு வேறாக இருக்கும், ஒவ்வொரு கொப்பரைக்காரரும் தம்முடையதுதான் அசல் என்பார்கள். மைனஸ் 10இல் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கிண்ணம் பூயாவுக்கு எந்த பிராட்டும் ஈடில்லை.

12 பேருக்கு 12 லிட்டர் பாத்திரம். எலும்போடு கோழி ஒன்றரை கிலோ, மாட்டுத் தோள்கறி 700 கிராம், மாட்டுவால் 500 கிராம், தண்ணீர் நாலரை லிட்டர், வெங்காயம் அரை கிலோ, செலரி நான்கு தண்டு, உப்பு, மிளகு. மாடு வேண்டாம் என்றால் கோழி இரண்டரை கிலோ, அதில் இறக்கையும் காலும் பாதி இருக்கட்டும், அப்போதுதான் சாற்றுக்குப் பசை வரும். சிறுதீயில் மூன்று மணி நேரம். கறியை எடுத்து, எலும்பு நீக்கி, நாராகப் பிய்த்து வையுங்கள். கோழியின் சின்ன எலும்பு ஒன்றும் தங்கக் கூடாது, குழந்தைகள் இருக்கிறார்கள்.

அடுத்து காய்கள், கடினமானது முதலில்: கேரட் 400 கிராம், 20 நிமிடம் கழித்து உருளைக்கிழங்கு 800, பிறகு கோஸ் 400, பச்சைப் பட்டாணி 250. முந்தின இரவு ஊறவைத்து வேகவைத்த வெள்ளை பீன்ஸ் இரண்டு கோப்பை. எல்லாம் மெத்தென்று வெந்த பிறகே தக்காளி ஒரு பெரிய டின், 800 கிராம். தக்காளியை முன்னால் போட்டால் அதன் புளிப்பில் உருளையும் பீன்ஸும் வேகவே வேகாது, மேலே கரைந்து நடுவில் நறுக்கென்று நிற்கும். பிய்த்த கறியைக் கடைசியில் சேர்த்து, இறக்கும்போது ஓர் எலுமிச்சையின் சாறு.

உருளை விழுந்த பிறகு அடிபிடிக்கும். தட்டையான மரக்கரண்டியால் அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். அடிபிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள், மேலாக வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சுரண்டினால் தீய்ந்த வாடை மொத்தத்துக்கும் ஏறும்.

வீட்டில் சனிக்கிழமையே செய்துவிடுங்கள். பெரிய பாத்திரத்தோடு குளிர்பெட்டியில் வைத்தால் நடுப்பகுதி விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருந்து கெட்டுப்போகும். ஆழம் குறைந்த தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி ஆறவையுங்கள். காலையில் வீட்டிலேயே கொதிக்க வைத்து, ஏற்கெனவே வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய வெப்பக்குடுவைகளில் நிரப்புங்கள். அங்கே சூடேற்றுவதென்றால் 74 டிகிரி தொட வேண்டும், 12 லிட்டரும் அந்தக் குளிரில் தொட ஒரு மணி நேரம் போய்விடும்.

#11 பனிக்காற்று

துடுப்புக்காரர் சொன்ன வெப்பக்குடுவையோடு சேர்த்து: நம் பண்டங்களில் குடுவை ரசம் அங்கே அருமையாக எடுபடும். சாதம் எடுத்துப்போகாதீர்கள். எலுமிச்சைச் சாதமோ புளியோதரையோ மைனஸ் 10இல் பத்து நிமிடத்தில் விறைத்து மணல்மாதிரி உதிரும், இட்லி ரப்பராகும். ஆறிய மாவுச்சத்து இறுகுவது இயல்பு, குளிர் அதை வேகப்படுத்துகிறது. சப்பாத்திக்குள் உருளை மசாலா வைத்துச் சுருட்டி, அலுமினியத்தாள் சுற்றி, கிரில்லின் ஓரத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் சூடு திரும்பிவிடும்.

கூலர் பெட்டி குளிர்காலத்தில் தலைகீழ் வேலை செய்யும். 5 சதவீத பீர் மைனஸ் 2, 3இலேயே உறையத் தொடங்கிவிடும், கேன் புடைத்து வெடிக்கும். வெளியே வைக்காமல், பனிக்கட்டி போடாமல், வெறும் கூலருக்குள் மூடி வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். கடுகு சாஸையும் தண்ணீர் பாட்டிலையும் அதிலேயே போடுங்கள்.

#12 மில்வாக்கிரயில்

ரொட்டி பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டோம். மெத்தென்ற ஹாட்டாக் பன் வெங்காயச் சாற்றில் ஒரு நிமிடத்தில் கூழாகும். ஷிபாய்கன் ஹார்ட் ரோல் வேண்டும், மேல் ஓடு மொறுமொறுப்பாக, உள்ளே காற்றோட்டமாக இருப்பது. கிடைக்காவிட்டால் மெக்சிகோ பொலீயோ அல்லது கைசர் ரோல். வெட்டிய பக்கம் கரியில் ஒரு நிமிடம். பழுப்புக் கடுகு சாஸ், பச்சை வெங்காயம், ஊறுகாய் வெள்ளரி. ஒரே ரோலில் இரண்டு பிராட் வைத்துச் சாப்பிடுவதும் அந்த ஊர் வழக்கம்.

பிராந்தி ஓல்ட் ஃபேஷன்டும் வழக்கம்தான்: பிராந்தி 60 மில்லி, ஒரு சர்க்கரைக்கட்டி, பிட்டர்ஸ் மூன்று சொட்டு, ஆரஞ்சுத் துண்டும் செர்ரியும் நசுக்கி, மேலே எலுமிச்சை சோடா. வண்டி ஓட்டுபவர் யார் என்று வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

#13 தெருமுனை

ஒரே சீட்டு என்றீர்கள், 12 பேர் ஒரே காரில் வர முடியாது. கிரீன் பேயின் மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டியதுதான், மைதானத்திலோ 81,441 இருக்கை. மைதானம் வீடுகள் நிறைந்த தெருக்களுக்கு நடுவில் நிற்கிறது. அதனால் ஆட்ட நாளில் வீட்டுக்காரர்கள் தங்கள் புல்வெளியிலும் முற்றத்திலும் கார் நிறுத்த இடம் கொடுத்துப் பணம் வாங்குவது அங்கே நெடுநாள் பழக்கம். உங்கள் இரண்டாவது, மூன்றாவது கார் அங்கே போகட்டும். பணம் கொடுக்கும் முன் மூன்று கேளுங்கள்: கிரில் மூட்டலாமா, பின்னால் வேறு கார் அடைத்து நிற்குமா, கழிப்பறை உண்டா. அடைத்து நிற்கும் இடம் என்றால் அந்தக் கார்க்காரர் வரும்வரை நீங்கள் நகர முடியாது. அந்தத் தெருக்களில் டெயில்கேட் மைதான வாகன நிறுத்தத்தை விடவும் நெருக்கமானது, வீட்டுக்காரரே ஒரு கிண்ணத்தோடு வந்து சேர்ந்துகொள்வார்.

மைதான வாகன நிறுத்தத்துக்குள் வந்துவிட்டால் ஒரு காருக்கு ஒரு கட்டம்தான். மேசை, கிரில், நாற்காலி எல்லாம் உங்கள் காரின் பின்னால், அந்தக் கோட்டுக்குள். பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கிறதே என்று பரப்பினால் 9 மணிக்கு அதற்குச் சீட்டு வைத்திருப்பவர் வருவார். மூட்டை எறியும் கார்ன்ஹோல் ஆட்டத்துக்குப் பலகைகளுக்கு இடையே 8.2 மீட்டர் வேண்டும், அது வண்டிப் பாதையை மறிக்கும். குழந்தைகளுக்கான 6.4 மீட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோளம் நிரப்பிய மூட்டை ஈரம் இழுத்துக் கல்லாக உறையும், பிளாஸ்டிக் மணி நிரப்பியது உறையாது.

பேர்ஸ் சட்டை போட்டவர் கடந்து போனால் கூப்பிட்டு ஒரு பிராட் கொடுங்கள். 1921 முதல் தொடரும் பகை இது, ஆனால் அந்த வாகன நிறுத்தத்தில் எதிரணி ரசிகரைப் பசியோடு அனுப்புவது கிரீன் பேக்காரருக்கு இழுக்கு. கரித்துண்டு சொன்ன அந்த இரண்டு கூடுதல் பிராட் இதற்கும்தான்.

#14 வடகரைவாசி

தெளிவாகிவிட்டது. அணைப்பது மட்டும் பாக்கி. கரி மேல் தண்ணீர் ஊற்றலாமா? உள்ளே என்ன எடுத்துப்போகலாம்? ஒருவேளை ஆட்டம் 3:25க்கு மாற்றப்பட்டால்?

#15 கரித்துண்டு

தண்ணீர் வேண்டாம். ஆவி கையைச் சுடும், சூடான கிரில் தொட்டி வளையும், வழிந்த சாம்பல் நீர் தரையில் பனிக்கட்டியாகி அடுத்தவர் வழுக்கி விழுவார். 10:40க்குக் கடைசிப் பிராட் இறங்கியதும் கிரில்லின் மேல், கீழ்க் காற்றுத் துளைகளை மூடி, மூடியும் போடுங்கள். 10:55க்கு, சூட்டுக் கையுறையோடு, வாகன நிறுத்தத்தில் ஆங்காங்கே வைத்திருக்கும் கரித்தொட்டியில் கொட்டுங்கள். காலையில் கார் நிறுத்தியதுமே அருகில் உள்ள தொட்டி எது என்று ஒருவர் பார்த்து வைக்கட்டும். குப்பைத்தொட்டியில் கொட்டினால் தீப்பிடிக்கும். காருக்கு அடியில் ஒதுக்கினால் அதை விட மோசம். அணைந்துவிட்டது போலத் தெரியும் கரியை வண்டிக்குள் ஏற்றவே கூடாது, மணிக்கணக்கில் கனிந்துகொண்டு கார்பன் மோனாக்சைடு விடும். காலிக் கிரில் தொடும் சூட்டுக்கு ஆறும்வரை பின்கதவுக்கு வெளியே நிற்கட்டும்.

உள்ளே ஒளிபுகும் பை மட்டும், 12 அங்குல நீளம், 12 உயரம், 6 அகலத்துக்குள். சாப்பாடு காரிலேயே. பெரும்பாலான இருக்கைகள் அலுமினியப் பெஞ்சு, கீழே கான்கிரீட். பிராட் பெட்டிகளின் அட்டையைத் தட்டையாக்கி ஆளுக்கு ஒன்று கால் கீழே போட எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கான்கிரீட் உள்ளங்காலின் சூட்டை இழுத்துவிடும்.

3:25 ஆட்டம் என்றால் 11:25க்குத் திறக்கும். நான் சொன்ன எல்லா நேரத்தோடும் மூன்று மணி 25 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் அங்கே மாலை நாலேகாலுக்குச் சூரியன் மறையும், ஆட்டம் முடிந்து வரும்போது நல்ல இருட்டு. திரும்பும் நெரிசல் குறைய ஒரு மணி நேரம் எடுக்கும் என்பதால் பூயாவில் ஒரு குடுவையைத் தனியாக மூடி வையுங்கள், ஆளுக்கொரு தலைவிளக்கும் இருக்கட்டும்.

#16 துடுப்புக்காரர்

அந்தக் குடுவையைக் காலையில் ஒருமுறை கூடத் திறக்காதீர்கள். திறக்காமல் இருந்தால் நல்ல குடுவையில் எட்டு மணி நேரம் 60 டிகிரிக்கு மேல் நிற்கும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் சூடேற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். வெப்பமானியைக் காரின் முன்பக்கமே வையுங்கள், இருட்டில் தேட வேண்டியிருக்காது.